முதலாம் கந்தையா

பெப்ரவரி 5, திங்கள்
காலை 138/88. மாலை 141/90.

டாக்டர்தான் இந்தக் கொப்பியை வாங்கச் சொன்னார். இரண்டு வேளையும் இரத்த அழுத்தத்தை அளந்து எழுத வேண்டுமாம். பக்கத்தில் அன்று நடந்ததையும் எழுதினால் காரணம் பிடிபடுமாம். எழுதுகிறேன். நாலரைக்கு எழும்பினேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நூற்றிப்பத்துப் பேருக்கு மதியச் சாப்பாடு. நாற்பது கிலோ உருளைக்கிழங்கு. வீட்டுக்கு வந்தபோது மனைவி லோஜினி புட்டு அவித்து வைத்திருந்தாள். ஜெர்மனிக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகிறது, நாள் இப்படித்தான் போகிறது. இதில் காரணம் என்று ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 8, வியாழன்
காலை 139/87. மாலை 158/97.

கருவியில் கோளாறு இருக்கிறது.

வியாழன் சூப் நாள். இரண்டாம் மாடியில் இருக்கும் திருமதி வீகண்ட், வயது தொண்ணூற்றொன்று, புவியியல் ஆசிரியையாக இருந்தவர், சாப்பிட்டு முடித்ததும் சமையலறை ஜன்னலுக்கு வந்து சூப்புக்கு மார்க் போட்டுவிட்டுப் போவார். இன்று மார்க் போடவில்லை. பத்திரிகையை நீட்டினார்.

"திரு கந்தையா, இவர் உங்கள் தம்பியா?"

படத்தில் தயாபரன். வெள்ளை மேலங்கி, மார்புக்குக் குறுக்கே கட்டிய கை. தலைமயிர் என்னைவிட அதிகம்.

"இல்லை" என்றேன். "எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கந்தையா."

இது பொய் இல்லை. அவன் என் தம்பி இல்லைதான்.

கிழங்குத் தோல் சுற்ற வேண்டும் என்று சொல்லிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் மூன்று தடவை வாசித்தேன். அவனுடைய உணவகத்தின் பெயர் ஹால்ம். ஹால்ம் என்றால் வைக்கோல் துரும்பு. துரும்பு என்று பெயர் வைத்த இடத்தில் சாப்பிட ஆட்கள் இரண்டு மாதம் காத்திருக்கிறார்களாம். புதுமையான நவீன ஜெர்மன் சமையலாம். ஒன்பது தட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். அதிலும் ஆறாவது தட்டில் பத்திரிகைக்காரன் சொக்கிப்போய்விட்டான். புளித்த முட்டைக்கோவாத் தண்ணீரில் மிளகும் வெள்ளுள்ளியும் சீரகமும் போட்ட தெளிந்த சாறு. பெயர் 'Kandiah I.' அதாவது முதலாம் கந்தையா. 'சமையல் கலைஞர் கந்தையா, தனக்கு யாவற்றையும் கற்பித்த தந்தைக்கு ஓர் அரசருக்குரிய மரியாதையைச் செய்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறான்.

எந்தத் தந்தை? கந்தையா என் அப்பா. தபால் கந்தோரில் முத்திரை விற்ற மனிதர். அவர் அடுப்படிக்குள் வந்தது தேத்தண்ணி எங்கே என்று கேட்க மட்டும்தான்.

அந்தச் சாறு என்னுடைய ரசம்.

பெப்ரவரி 9, வெள்ளி
காலை 155/95.

இந்தக் கொப்பியை வாசிக்கப்போகிற டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே முழுவதையும் எழுதலாம்.

தயாபரன் எங்கள் பின்வீட்டுப் பொடியன். என்னைவிட மூன்று வயது இளையவன். அவன் பிறந்த வருடமே தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டார். எண்பத்தொன்பதில் இரண்டு பேரும் ஒன்றாக இங்கே வந்து இறங்கினோம். அகதி விண்ணப்பம் எழுதும் மேசையில் மொழிபெயர்ப்பாளர் "அப்பா பேர்?" என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான், மூடினான், பிறகு "கந்தையா" என்றான். பின்னால் நின்ற நான் பேசாமல் இருந்துவிட்டேன். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த நாட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் ஆகிவிடும், தலைமுறைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டலில் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். முதல் பனிக்காலத்தில் அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. புளி வாங்க அந்த ஊரில் கடையில்லை. ஜெர்மன்காரர் முட்டைக்கோவாவை உப்பிட்டுப் புளிக்க வைத்துத் தின்பார்கள், அதன் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்து ரசம் வைத்தவன் நான். பிறகு அதுவே வேலையாட்களின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடாகிவிட்டது. அவன் பக்கத்தில் நின்று கிண்டுவான். கரண்டியை நீட்டி, "அண்ணை, உப்புப் பாருங்கோ" என்பான். நான் "காணாது" என்பேன்.

போதாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் காணாது என்போம். போதும் என்றால் காணும். அவனிடம் நான் காணும் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. சரியாக இருந்தாலும் காணாதுதான். மூத்தவன் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

பெப்ரவரி 11, ஞாயிறு
காலை 144/90. மாலை 162/99.

மகள் ஆரபி வந்திருந்தாள். மார்ச் பதினாறு எங்களுடைய முப்பதாவது கலியாண நாள். அன்று மதியத்துக்கு ஹால்மில் மூன்று பேருக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறதாம், யாரோ விட்டுப்போன இடமாம். புதன் பின்னேரம் ஆறு மணிக்குள் பெயர் கொடுத்து உறுதி செய்தால் எங்களுக்கு.

"அப்பா, தயா சித்தப்பாவின்ர இடம். நாங்கள் ஒருக்கா எண்டாலும் போகேல்லை."

"முப்பது வருசத்துக்குப் புட்டும் மீன்குழம்பும் காணாதோ?" என்றேன்.

லோஜினி எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து மயில்பச்சைச் சேலையை எடுத்து, மடிப்பு வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்தாள். அவள் ஏதாவது பேசியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

பெப்ரவரி 12, திங்கள்
காலை 149/93.

ஹால்மின் இணையத்தளத்தைப் பார்த்தேன், குறை பிடிப்பதற்காகத்தான். உருளைக்கிழங்குத் தோலை வறுத்து மேலே மூன்று பூ வைத்திருக்கிறான். வைக்கோல் புகையில் வாட்டிய பீட்ரூட். கறுப்புப் பாண் ரொட்டியில் ஐஸ்கிரீம். முதியோர் இல்லத்தில் நான் வறுத்த தோலை வைத்தால் கிழங்குகள் எங்கே என்று இரண்டாம் மாடி முழுவதும் போலீசைக் கூப்பிடும்.

ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பெப்ரவரி 13, செவ்வாய்
காலை 151/94. மாலை 166/101.

இன்று லோஜினி பேசினாள்.

நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர் ஹெல்விக் ஆட்களைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார். "கந்தையா!" என்றால் இரண்டு தலை திரும்பும். அதனால் எனக்கு ஐன்ஸ், அவனுக்கு ஸ்வை என்று இலக்கம் போட்டார், ஒன்று, இரண்டு. தொண்ணூற்றிரண்டில் சமையல் படிக்க ஓர் இடம் வந்தபோது ஹெல்விக் முதலில் கேட்டது ஐன்ஸைத்தான். நான் அந்த இடத்தை ஸ்வைக்கு விட்டுக்கொடுத்தேன். இல்லையென்றால் இன்று பத்திரிகையில் யார் படம் வந்திருக்கும்?

லோஜினி மிளகாய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"நீங்கள் விட்டுக் குடுக்கேல்லை. பள்ளிக்கூடத்தில ஜெர்மன்ல சோதினை எழுத வேணும் எண்டு பயந்தனீங்கள். கலியாணம் முடிச்ச முதல் மாசம் நீங்களே எனக்குச் சொன்னது."

"அது வேறை கதை."

"அதே கதைதான். முப்பது வருசத்தில நீங்கள்தான் அதை மாத்திப்போட்டியள்."

அவளுக்கு இவ்வளவு ஞாபகம் இருப்பது தேவையில்லாதது.

பெப்ரவரி 14, புதன்
காலை 160/98.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். அவனுடைய கை, பெயர், மயிர், அவனுக்காகக் காத்திருக்கிற ஆட்கள், எல்லாவற்றிலும் பொறாமை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

ஐந்தே முக்காலுக்கு ஆரபி அனுப்பிய படிவத்தைத் திறந்தேன். போவதென்றால் அந்நியனாகப் போய், என் ரசத்தை அவன் எப்படிக் கெடுத்திருக்கிறான் என்று பார்த்து, வாயைத் துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும். முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டேன். பெயர். கந்தையா என்று போட்டால் உடனே அவனிடம் ஓடிப்போய்ச் சொல்வார்கள். அண்ணை வருகிறார் என்று அவன் கூடுதலாக இரண்டு தட்டு அனுப்புவான், மேசை மேசையாக ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். லோஜினி பெயரில் போடலாமென்றால் அவளும் கந்தையா. ஆரபியும் கந்தையா. இந்த வீட்டில் வேறு பெயரே இல்லை.

எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று ஒரு பெட்டி. அதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. மேசையில் அந்தப் பத்திரிகை கிடந்தது. ஓரத்தில் விலாசச் சீட்டு.

வீகண்ட் என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 15, வியாழன்
காலை 147/92.

சூப்புக்குப் பிறகு திருமதி வீகண்டிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தம்பி விஷயத்தையும் சொல்ல வேண்டி வந்தது.

"அப்படியென்றால் அன்று நான் ஹால்மில் சாப்பிடுகிறேன்" என்றார். "நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரிய வேண்டும். மெனு அட்டையைக் கொண்டு வாருங்கள். இன்றைய சூப்புக்கு மூன்று மார்க்."

ஜெர்மனியில் ஒன்றுதான் சிறந்தது. மூன்று என்றால் பரவாயில்லை என்று அர்த்தம்.

பெப்ரவரி 24, சனி
காலை 142/89.

லோஜினி சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள். மேசை யாருடைய பெயரில் இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 2, சனி
காலை 145/91.

வீட்டில் ரசம் வைத்தேன், கோவாத் தண்ணீரில், பழைய முறையில். எங்கள் ஆட்களின் கடையில் புளி வந்த பிறகு இதை வைப்பதையே விட்டுவிட்டேன். லோஜினி குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். எப்போதும் சொல்கிற அதே நல்லா இருக்கு. கலங்கலாக இருந்தது. அவன் எப்படித் தெளிய வைக்கிறான்?

மார்ச் 5, செவ்வாய்
மாலை 163/99.

சட்டைக்கு ஊசி தேடுகிறேன் என்று லோஜினி கடிதங்கள் கிடக்கிற மேசை லாச்சியை இழுத்துக் கிளறினாள். நான் ஓடிப்போனேன்.

"ஓடி வராதேங்கோ. அந்தக் கடிதத்தை நான் எப்பவோ வாசிச்சிட்டன்" என்றாள்.

தயாபரனின் கடிதம். பதினொரு வருடத்துக்கு முன்னால், ஹால்ம் திறக்கும்போது தமிழில் எழுதி அனுப்பியது. 'அண்ணை, முதல் மேசை உங்களுக்கு. வந்து உப்புப் பாருங்கோ.' நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவன் நாலைந்து தடவை கூப்பிட்டான், நாலைந்து தடவையும் எனக்குக் காய்ச்சல். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் செய்தி அனுப்பினான். நான் அதற்குக் கும்பிடுகிற கை ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

காய்ச்சல் இல்லை. திறப்பு நாளன்று நான் போனேன். காலில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஹால்முக்கு எதிரே டிராம் நிறுத்தம் இருக்கிறது. கண்ணாடிக்குள்ளால் அவன் தெரிந்தான். வாசல் மேசை ஒன்று வெறுமையாக இருந்தது, அவன் அடிக்கடி வந்து கதவைப் பார்த்தான். மூன்று டிராமை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன்.

இதை லோஜினிக்குச் சொல்லவில்லை.

மார்ச் 14, வியாழன்
காலை 164/100.

இன்று மதியம் வரை ரத்துச் செய்யலாம். காலையில் லோஜினியிடம் எனக்கு உடம்பு அனலாக இருக்கிறது என்றேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"ரத்துச் செய்யிறதெண்டால் உங்கட கதிரையை மட்டும் ரத்துச் செய்யுங்கோ. நானும் பிள்ளையும் போறம். அந்தப் பொடியன் எங்கட கலியாணத்துக்கு நூறு பேருக்குத் தனிய நிண்டு சமைச்சவன். நான் போய்ச் சாப்பிடப்போறன்."

பன்னிரண்டு மணி வரை கைத்தொலைபேசி மேலங்கிப் பைக்குள் கிடந்தது. எடுக்கவில்லை. கிழங்கு உரித்தேன். சூப்புக்கு இரண்டரை மார்க்.

மார்ச் 16, சனி
காலை 168/102.

மாலை அளக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாசலில் ஒரு பெண் பட்டியலைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள், திரும்பப் பட்டியலைப் பார்த்தாள். "வீகண்ட் குடும்பமா? வாருங்கள், திரு வீகண்ட்."

ஆரபி வாயைப் பொத்திக்கொண்டாள். லோஜினி மேலங்கியைக் கழற்றிக்கொண்டே, சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "முப்பது வருசமா உங்கட அப்பான்ர பேரைத் தூக்கிக்கொண்டு திரியிறன். கலியாண நாளும் அதுவுமா என்னை வீகண்டுக்குக் கட்டிக் குடுத்திட்டியளோ?"

நாலாம் மேசை. முதலில் கிழங்குத் தோல் வந்தது. பூவை ஒதுக்கிவிட்டு வாயில் போட்டேன், குறை சொல்லத் தயாராகத்தான். மென்றேன். வாழ்நாளில் எத்தனை டன் கிழங்கு உரித்திருப்பேன், தோலைத் தின்னலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பீட்ரூட் வந்தது. பிறகு மோர்த்தெளிவில் ஒரு துண்டு மீன். லோஜினி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். என் சாப்பாட்டுக்கு அவள் கண்ணை மூடி நான் கண்டதில்லை. அந்த நேரம் தயாபரன் எனக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஆறாவது தட்டுக்கு வெறும் கிண்ணம் வைத்தார்கள். சாற்றை ஊற்ற அவனே வருவானாம், எல்லா மேசைக்கும் அப்படித்தானாம். எழும்பிக் கழிவறைக்குப் போகலாம் என்று கதிரையைத் தள்ளினேன். ஆரபி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தான். கையில் மண் குவளை. "திரு வீகண்ட்..." என்று தொடங்கி நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணை."

"ஓம்."

"வீகண்டோ?"

"அது... ஒரு பிழை."

"தயா, இவருக்கு எங்கட பேரைக் கண்டால் பயம்" என்றாள் லோஜினி.

அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியது. அது எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. ஒரு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்த பேச்சு தானாக வெளியே வந்தது. "என்ர அப்பாவை எதுக்கு உதுக்குள்ள இழுத்தனி? தண்ணி கொதிக்க வைக்கத் தெரியாத மனுசன். இது ஆரின்ர ரசம் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"ஆர் அண்ணை அப்பாவை இழுத்தது?"

"பேப்பரில கிடக்கு. முதலாம் கந்தையா."

அவன் குவளையை மேசையில் வைத்துவிட்டான். "ஐயோ அண்ணை, அது பேப்பர்காரன்ர பிழை. நான் சொன்னது கந்தையா ஐன்ஸ். அவன் ராசாக்களுக்குப் போடுற மாதிரி இலக்கத்தைப் போட்டிட்டு, உங்கட அப்பாவோ எண்டு கேட்டான். எனக்கு இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. அந்தாள் பேர் தந்தவர்தானே."

நான் வெறும் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"ஐன்ஸ் நீங்கள்தானே அண்ணை. நான் ஸ்வை."

பிறகு சாற்றை ஊற்றினான். கண்ணாடி போலத் தெளிவு, கிண்ணத்தின் அடி தெரிந்தது. மேசையில் கிடந்த கரண்டியை எடுத்து, ஒரு வாய் அள்ளி, ஹோட்டலில் நீட்டுவதுபோல என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"உப்புப் பாருங்கோ."

பக்கத்து மேசைகள் பார்த்தன. நான் பயந்தது அதற்குத்தான். வாங்கிக் குடித்தேன். அந்தப் பனிக்காலத்து ரசம்தான். மிளகு, உள்ளி, தடிமன், குளிர், இரண்டு பேருக்கும் ஒரே போர்வை, எல்லாம் அதில் இருந்தது. ஆனால் என் கை அதை ஒருநாளும் அப்படிக் கொண்டுவந்ததில்லை. குறை தேடினேன். நாக்கின் நுனியிலும் அடியிலும் தேடினேன். 'காணாது' என்கிற சொல் பழக்கத்தில் வாய்க்குள் வந்து நின்றது.

அவன் கரண்டியைப் பிடித்தபடியே நின்றான். ஐம்பத்துநாலு வயது, காதோரம் நரை.

"காணும்" என்றேன்.

"என்ன அண்ணை?"

லோஜினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னண்டு சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ."

"ஒருக்காச் சொன்னது காணும்" என்றேன்.

அவன் மேலங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான். ஐந்தாம் மேசைக்காரருக்குச் சாறு வரக் கால் மணி நேரம் பிடித்தது. அவர்கள் என்னை முறைத்தார்கள்.

மெனு அட்டையைக் கடைசியில்தான் தருகிறார்கள். அதில் ஆறாவதாக, ராசா இலக்கம் ஒன்றும் இல்லாமல், எழுத்தில் இருந்தது: கந்தையா ஐன்ஸ்.

மார்ச் 17, ஞாயிறு
பொறாமை போகவில்லை. அவன் ரசம் என் ரசத்தைவிட நல்லது. இதை இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுகிறேன். அடுத்த வெள்ளி அவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான், தெளிய வைப்பது எப்படி என்று கேட்க வேண்டும். நேரடியாகக் கேட்கக் கூடாது, கதையோடு கதையாகக் கேட்க வேண்டும். மெனு அட்டையை வேலைக்குக் கொண்டுபோகிற பைக்குள் வைத்துவிட்டேன்.

காலை 127/81. திரும்பவும் அளந்தேன், அதேதான். நான் முதலே சொன்னேன், கருவியில் கோளாறு.